ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால்: பாதை மாறிய ஓர் ஐசியு செவிலியர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வருபவர் பெரியவர்களுக்கான ஐசியுவில் பத்து ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்த செவிலியர். வயது முப்பதுகளின் நடுவில். அதே யூனிட்டில் அவரோடு கிட்டத்தட்ட ஒரே காலத்தில் சேர்ந்த இன்னொரு செவிலியரும் இடையில் வருவார், அவரைத் தோழி என்று வைத்துக்கொள்வோம். ஆள் யார் என்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். நான் அப்போது செவிலியர் பயிற்சிப் பிரிவில் இருந்தேன். இருவரும் என்னிடம் தனித்தனியாக வந்து பேசினார்கள், நிர்வாகத்தோடு நடந்த பேச்சிலும் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த அளவுக்குத்தான் எனக்கு இதில் பங்கு.

அவர் வேலையில் சோடை போனவர் இல்லை. யூனிட்டில் யாருக்காவது வென்டிலேட்டர் அலாரம் எதற்கு அடிக்கிறது என்று புரியவில்லை என்றால் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். அதுவே ஒரு கட்டத்தில் வினையாகவும் ஆனது. காகிதத்தில் ஒரு செவிலியருக்கு இரண்டு நோயாளிகள். ஆள் குறைந்த இரவுகளில் மூன்று. அனுபவம் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, இரவு ஷிஃப்டின் இன்சார்ஜ் பொறுப்பு சுற்றிச் சுற்றி அவர் தலையிலேயே விழுந்தது. தன்னுடைய இரண்டு நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு, எமர்ஜென்சியிலிருந்து வரும் போனை எடுத்து, படுக்கை ஏற்பாடு செய்து, ரத்த வங்கிக்கு ஆள் அனுப்பி, நடுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஓடி வந்து ஆர்ட்டீரியல் லைன் டிரான்ஸ்டியூசரை (தமனிக்குள் போட்ட குழாய் வழியாக ரத்த அழுத்தம் அளக்கும் கருவி) எந்த மட்டத்தில் வைப்பது என்று கேட்டால் அதையும் போய்க் காட்டிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். இப்படியே ஓரிரு ஆண்டுகள் ஓடின.

அவர் என்னிடம் வந்தபோது ராஜினாமாக் கடிதம் போனில் தயாராக இருந்தது. தேதி மட்டும் போடவில்லை. செவிலியர் வேலையையே விட்டுவிட்டு மெடிக்கல் கோடிங் (மருத்துவப் பதிவுகளுக்குக் குறியீடு போடும் வேலை) படிக்கப் போவதாகச் சொன்னார். ஏன் கோடிங் என்று கேட்டதற்கு, "தெரிஞ்சவங்க போயிருக்காங்க அக்கா, உட்கார்ந்து செய்யற வேலை, நைட் கிடையாது" என்றார். கோடிங் பிடிக்குமா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது தெரிந்தது.

கவனித்தவை

அவருடைய வேலையில் தவறுகள் எதுவும் பதிவாகவில்லை. தவறு நடந்தால்தான் யூனிட் மேலாளர் கண்ணில் ஒருவர் படுவார் என்பது பல இடங்களிலும் உள்ள நிலைமை, அதனால் அவர் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் உடன் வேலை செய்தவர்கள் சில மாற்றங்களைச் சொன்னார்கள். நோயாளியின் குடும்பத்தாரிடம் நின்று பேசுவதை நிறுத்திவிட்டார், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றும் அறைக்குப் போனவர் அரை மணி நேரம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். விடுப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, உடல்நலக் குறைவு என்று போட்ட விடுப்புகள் பெரும்பாலும் தொடர் நைட் டியூட்டி முடிந்து பகல் ஷிஃப்டுக்குத் திரும்பும் முதல் நாளில் விழுந்திருந்தன. ரோஸ்டரையும் (யாருக்கு எப்போது ஷிஃப்ட் என்ற அட்டவணை) விடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை இது யாருக்கும் தெரியாது.

முதலில் டாக்டரைப் பார்க்கச் சொன்னோம். ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு இவற்றில் ஏதாவது இருந்தால் அதை வைத்துக்கொண்டு வாழ்க்கையை மாற்றும் முடிவை எடுக்கக்கூடாது. பெரிதாக எதுவும் இல்லை. தூக்கம் மட்டும் மிக மோசம், பகலில் நான்கு மணி நேரம் தாண்டவில்லை. இரவு ஷிஃப்ட் வேலையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இல் "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற பிரிவில் வைத்தது, 2019-இல் மறுபடி ஆராய்ந்துவிட்டு அதே பிரிவிலேயே வைத்தது. இதை அவரைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நைட் பார்க்க முடியவில்லை என்று சொல்வதை அவர் தன்னுடைய பலவீனமாக நினைத்துக் கூச்சப்பட்டார், அந்தக் கூச்சம் போக வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

முதுகுவலி தனிக் கதை. நோயாளியைக் கையால் தூக்கவோ நகர்த்தவோ வேண்டியிருந்தால், நிலைமை சாதகமாக இருக்கும்போதுகூட ஒருவர் தாங்கும் எடை சுமார் 16 கிலோவைத் தாண்டக்கூடாது என்று பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-இல் கணக்கிட்டுச் சொன்னார். மயக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவரைப் பக்கவாட்டில் திருப்பும்போது கைக்கு வரும் எடை என்ன என்பது ஐசியுவில் ஒரு வாரம் இருந்தவருக்கே தெரியும்.

அடுத்தது மனம் சார்ந்தது. வேலைச் சோர்வை உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று பகுதிகளாகப் பார்த்தார்: சக்தி தீர்ந்துபோவது, ஆட்களிடமிருந்து விலகிப்போவது, தான் செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 வகைப்பாட்டிலும் இதே மூன்றும் உண்டு, அதோடு இது நோய் அல்ல, வேலையிடத்தோடு சேர்ந்த ஒன்று என்றும் அது தெளிவாகச் சொல்கிறது. அவருக்கு முதல் இரண்டும் நிறையவே இருந்தன. மூன்றாவது இல்லை. தன் கைக்கு வேலை தெரியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இனி பலன் இல்லை என்று தெரிந்த நோயாளிக்கும் வாரக்கணக்கில் எல்லாவற்றையும் செய்துகொண்டிருப்பதுதான் தாங்கவில்லை என்றார். எது சரி என்று தெரிந்தும் அமைப்பின் தடைகளால் அதைச் செய்ய முடியாத இந்த நிலையை அறவியல் அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-இல் தார்மீகத் துயரம் என்று எழுதினார். செவிலியர்களைப் பற்றித்தான் அப்போதும் எழுதினார்.

பிரித்துப் பார்த்தது

அவர் சொன்னதிலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட வாக்கியம் இது: "வேலை பிடிக்கலைன்னு இல்ல அக்கா, வேலைக்குக் கிளம்பறதுதான் முடியல." இதைக் கேட்ட பிறகு, விடலாமா வேண்டாமா என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்தோம். எதை விட வேண்டும் என்பது முதலில் தெரிய வேண்டும். நேரத்தையா, அந்த வார்டையா, இன்சார்ஜ் பொறுப்பையா, நோயாளியின் படுக்கையருகே செய்யும் வேலையையா, அல்லது தொழிலையே முழுதாகவா? ஐந்தும் வேறு வேறு. சோர்ந்துபோனவருக்கு ஐந்தும் ஒன்றாகத் தெரியும், அதில் ஆச்சரியமில்லை.

செய்தது எளிமையானது. சில வாரங்களுக்கு ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும், கை எழுதக்கூடிய நிலையில் இருந்தால், இரண்டே இரண்டு வரி எழுதச் சொன்னேன். இன்று எந்த நேரம் உயிரை எடுத்தது, எந்த நேரம் போனதே தெரியவில்லை. காரணம் எழுத வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம்.

எழுதி வந்ததைச் சேர்த்துப் படித்தபோது, ஆளை உருக்கிய பக்கத்தில் மோசமான நோயாளிகள் அதிகம் வரவில்லை. போன், படுக்கைத் தகராறு, பாதி வேலையில் யாராவது கூப்பிடுவது, விடியற்காலை மூன்று மணி, இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. மறுபக்கத்தில் ஒரு பதிவு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. நோயாளி ஒருவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்திருக்கிறது, எல்லாரும் நெஞ்சுச் சளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் பழைய சார்ட்டுகளைப் புரட்டி, கழுத்திலிருந்த சென்ட்ரல் லைனின் (பெரிய ரத்தக் குழாய்க்குள் போகும் குழாய்) டிரெஸ்ஸிங்கில் போட்ட தேதி எழுதவே இல்லை என்பதைப் பார்த்து, அது என்றைக்குப் போட்டது என்று தேடிக் கண்டுபிடித்து டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். "மணி ஏழானதே தெரியல" என்று எழுதியிருந்தார். இந்த மாதிரிப் பதிவுகள் நான்கைந்து இருந்தன, எல்லாமே ஏதோ ஒன்றுக்குக் காரணம் தேடிப் போனவை.

இன்னொன்றும் தெரிந்தது. கற்றுக்கொடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நன்றாகச் செய்வார், ஆனால் அது வந்த இடமெல்லாம் உருக்கும் பக்கத்திலேயே இருந்தது. அதற்கு முன்பு நான் உட்பட எல்லாரும் அவரிடம் சொன்ன யோசனை என்ன என்றால், "கல்லூரிக்குப் பாடம் எடுக்கப் போயேன்." களைத்துப்போன எந்தச் செவிலியரைப் பார்த்தாலும் வாயில் முதலில் வருவது இதுதான். ஓய்வெடுக்கும் இடமாகக் கற்பித்தலை நினைப்பவர்கள் ஒரு செமஸ்டர் விடைத்தாள் திருத்திப் பார்க்க வேண்டும்.

யோசித்த வழிகள்

மெடிக்கல் கோடிங்கை முதலில் எடுத்தோம், ஏனென்றால் அதற்குத்தான் அவர் கிளம்பியிருந்தார். மருத்துவப் பதிவுகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளை விதிப்படி போடும் வேலை. அமெரிக்கக் காப்பீட்டுக்குப் பயன்படும் ஐசிடி-10-சிஎம் பட்டியலில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட குறியீடுகள் இருக்கின்றன. செவிலியராக இருந்தவருக்குச் சொற்கள் புதிதில்லை என்பதால் சீக்கிரம் பிடிபடும். அதே சமயம் பதிவில் எழுதியிருப்பதற்குத்தான் குறியீடு போட முடியும், எழுதாததை ஊகிக்கக்கூடாது. காரணம் தேடிப் போவதில் நேரம் போவது தெரியாதவருக்கு இது எப்படி ஒத்துவரும் என்ற கேள்வி எழுந்தது. அவரே எழுப்பினார்.

பிறகு ஆய்வுத் திட்ட ஒருங்கிணைப்பாளர், கேஸ் மேனேஜ்மென்ட் (ஒரு நோயாளியின் சிகிச்சை ஏற்பாடுகளை ஒருங்கிணைக்கும் வேலை), டயாலிசிஸ், இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் (மருத்துவமனைக்குள் தொற்று பரவாமல் தடுக்கும் வேலை), வெளிநாடு. வெளிநாட்டை அவரே தள்ளிவிட்டார், அங்கேயும் ஐசியுவில்தான் போடுவார்கள், நைட்டும் இருக்கும். ஆய்வு வேலை அப்போது எங்களிடம் இல்லை. கேஸ் மேனேஜ்மென்டில் நாள் முழுக்கப் போன்.

எந்த வழியில் போனாலும் ஒரு விலை உண்டு என்பதையும் பேசினோம். புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலை வரை செவிலியர் கடக்கும் ஐந்து படிகளைச் செவிலியர் கல்வி ஆய்வாளர் பாட்ரிசியா பென்னர் 1980-களில் விவரித்தார். அதில் பலரும் கவனிக்காமல் விடுவது, ஒரு துறையில் மேல்படியில் இருப்பவர் பழக்கமில்லாத துறைக்குப் போனால் மறுபடி கீழ்ப்படிக்கே வந்துவிடுவார் என்பது. பத்தாண்டுக்கு மேல் எல்லாரும் வந்து கேட்கும் ஆளாக இருந்துவிட்டு, இனி தான் போய்க் கேட்கும் ஆளாக இருக்க முடியுமா? அவர் யோசித்துவிட்டு முடியும் என்றார். அப்புறம் பணம். நைட் அலவன்ஸும் ஓவர்டைமும் போனால் கையில் வருவது எவ்வளவு என்று அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். வீட்டில் அதைக் காட்டிப் பேசிவிட்டு வந்தார். இந்தக் கணக்கைப் போடாமல் மாறியவர்கள் சில மாதங்களிலேயே பழைய வார்டுக்குத் திரும்பிய கதைகள் எங்களிடமே உண்டு.

முதல் முடிவு: டயாலிசிஸ்

ராஜினாமாவை நிறுத்திவைத்துவிட்டுத் தற்காலிகமாக டயாலிசிஸ் யூனிட்டுக்கு மாற்றினோம். அங்கே நைட் இல்லை, இன்சார்ஜ் பொறுப்பும் கிடையாது. அந்த ஐந்தில் நேரம், வார்டு, இன்சார்ஜ் பொறுப்பு மூன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால், மிச்சம் இருப்பது தெரியும் என்பதே காரணம். அது அவருக்குப் பிடிக்கும் என்று யாரும் உறுதியாக நினைக்கவில்லை, அவரிடமும் அப்படித்தான் சொன்னோம்.

தூக்கம் சில வாரங்களில் சரியானது. முதுகுவலியும் குறைந்தது. உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருப்பது நின்றுபோனது. ஆனால் டயாலிசிஸ் அவருக்கு ஒத்துவரவில்லை.

அங்கே வேலை வேறு மாதிரி ஓடும். பெரும்பாலான நோயாளிகள் வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம். ஆண்டுக்கணக்கில் அதே முகங்கள். யார் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை செய்து இணைத்த ரத்தக் குழாய்) எங்கே வளைகிறது என்பதுவரை செவிலியருக்கு மனப்பாடம். காலையில் விரலை வைத்ததும் உள்ளே அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள், தெரியாவிட்டால் ஊசியைக் கையில் எடுக்கவே மாட்டார்கள். அந்த யூனிட்டின் மூத்த செவிலியர் ஒருவர் விரல் வைத்த மாத்திரத்தில், "நேத்து இருந்ததுக்கு இன்னிக்கு வேற மாதிரி இருக்கு" என்று சொல்லி ஸ்கேனுக்கு அனுப்புவதைப் பார்த்து இவர் அசந்துபோயிருக்கிறார். அந்த மூத்தவருக்கு அந்த இடம் சொர்க்கம். இவருக்கோ நாற்காலி ஒன்று காலியாக இருந்து, விசாரித்தால் அந்த நோயாளி இறந்துவிட்டார் என்று தெரியவரும் நாட்கள் ஐசியு மரணங்களைவிடக் கனமாக இருந்தன, ஏனென்றால் இங்கே பேரப்பிள்ளைகளின் பெயர்வரை தெரியும்.

ஆக நைட்டும் இன்சார்ஜும்தான் உடம்பைச் சாய்த்தன என்பது உறுதியானது. அவை போன பிறகும் மிஞ்சியது, வேலையின் உள்ளடக்கம். இந்தத் தெளிவு மட்டுமே அந்த மாற்றத்துக்குப் போதுமான பலன் என்பது என் கருத்து. டயாலிசிஸ் மேலாளர் அப்படி நினைக்கவில்லை. பயிற்சி கொடுத்த ஆள் போகிறாரே என்ற வருத்தம் அவருக்கு, அது நியாயமானதும்கூட.

இரண்டாவது முடிவு: இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல்

அந்தப் பிரிவில் அப்போது ஒரே ஒருவர்தான் இருந்தார். வாரத்தில் ஒரு நாள் அவரோடு சுற்ற இவருக்கு அனுமதி வாங்கினோம்.

முதல் நாட்களில் செய்தது கேத்தட்டர் (சிறுநீரை வெளியேற்ற உள்ளே வைக்கும் குழாய்) கணக்கு. ஒவ்வொரு வார்டாகப் போய், யாருக்குச் சிறுநீர்க் கேத்தட்டர் இருக்கிறது, என்றைக்குப் போட்டது, பை சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்குகிறதா, தரையில் படுகிறதா, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று குறிப்பது. கேத்தட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை. அதனால் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, இது இவருக்கு இன்றைக்கும் தேவையா என்பது. அவர் அதைக் கேட்கத் தொடங்கியபோது பல படுக்கைகளில் கிடைத்த பதில், "டாக்டர் எடுக்கச் சொல்லல சிஸ்டர்." டாக்டரைக் கேட்டால், "அது இருக்கறதே எனக்குத் தெரியாது." இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் கேத்தட்டர் நாட்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. அன்று மாலை அவர் என்னிடம் பேசிய வேகத்தைப் பார்த்தபோதே, இது சரியாக வரும் என்று தோன்றியது.

கைகழுவும் ஆடிட், அதாவது யார் எப்போது கைகழுவுகிறார்கள் என்று கவனித்துக் குறிப்பது, இன்னும் சுவாரசியம். கையில் தாளோடு ஒருவர் நின்றால் எல்லாரும் கைகழுவுவார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இவர் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கவுன் போட்டுக்கொண்டு நோயாளியைத் திருப்ப ஒரு கை கொடுத்தார். கூடவே பார்த்துக்கொண்டும் இருந்தார். உலக சுகாதார அமைப்பு 2009-இல் வகுத்த, கைகழுவ வேண்டிய ஐந்து தருணங்களில், நோயாளியைத் தொட்ட பிறகு கைகழுவுவது பெரும்பாலும் நடந்தது. நோயாளியைத் தொடாமல் பம்ப் பட்டனையும் படுக்கைக் கம்பியையும் மட்டும் தொட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகும்போதுதான் தவறியது. ஐசியுவில் இருந்த ஆளுக்கு இது புதிதில்லை, தானும் அப்படிப் போயிருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். இந்தச் சிரிப்பு அந்த வேலைக்கு மிக அவசியம், ஏனென்றால் அந்தப் பிரிவிலிருந்து யார் வந்தாலும் வார்டில் காதுபடவே "போலீஸ் வந்தாச்சு" என்பார்கள்.

நிர்வாகத்தோடு நடந்தது

கூடுதல் பணியிடம் வேண்டும் என்று கேட்டபோது முதல் பதில் இல்லை என்பதுதான். அமெரிக்காவில் நடந்து 1985-இல் முடிவுகள் வெளியான, மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு பற்றிய செனிக் ஆய்வை எடுத்து வைத்தோம். 250 படுக்கைகளுக்கு ஒரு இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் செவிலியர், பயிற்சி பெற்ற ஒரு டாக்டர், முறையான கண்காணிப்பு இவையெல்லாம் இருந்த மருத்துவமனைகளில் தொற்று சுமார் 32 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார அமைப்பும் குறைந்தபட்சம் 250 படுக்கைக்கு ஒருவர் என்கிறது, 100-க்கு ஒருவர் இருந்தால் நல்லது என்றும் சொல்கிறது. நாங்கள் அந்தக் குறைந்தபட்சத்துக்கே கீழே இருந்தோம். இது வேலை செய்தது.

கடினமான எதிர்ப்பு ஐசியு மேலாளரிடமிருந்து வந்தது. உலகம் முழுக்கவே செவிலியர் பற்றாக்குறை என்று உலக சுகாதார அமைப்பே சொல்கிறது, இந்த நிலைமையில் நன்றாக வேலை தெரிந்த ஆளை ஐசியுவிலிருந்து எடுத்தால் நான் என்ன செய்வது, இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு நான்கு பேர் வந்து நிற்பார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நாங்கள் சொன்னது ஒன்றுதான்: ஐசியுவில் இவர் இருப்பாரா போவாரா என்ற கட்டம் எப்போதோ முடிந்துவிட்டது, மருத்துவமனைக்குள் இருப்பாரா வெளியே போவாரா என்பதுதான் மிச்சம்.

கடைசியில் ஒப்புக்கொண்டது, இவர் மூன்று மாதம் ஐசியுவில் பகல் ஷிஃப்டில் மட்டும் இருந்து, அடுத்த நிலையில் உள்ள இருவரை இன்சார்ஜ் பொறுப்புக்குத் தயார் செய்துவிட்டு மாறுவது. மாறும் தேதியை எழுத்தில் போட்டு மூன்று பேரும் கையெழுத்திட்டோம். அந்தத் தேதிக்காக நான் விடாப்பிடியாக நின்றேன். "ஆள் கிடைத்ததும் விடுகிறேன்" என்ற வாக்குறுதியில் மாட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் ராஜினாமா செய்தவர்களை எல்லா மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

தோழியின் முடிவு

இதே இரண்டு வரிப் பழக்கத்தைத் தோழியும் செய்தார். அவருடைய தாள்கள் முற்றிலும் வேறு. ரத்தம், உடம்பு, அழுகை, உறவினரின் கோபம், ஆளோடு ஆள் பேச வேண்டிய ஒவ்வொரு நேரமும் உருக்கும் பக்கத்தில். நேரம் போனது தெரியாத பக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றே ஒன்று, சார்ட் எழுதி முடிப்பது. இந்தப் படிப்பை அவர் கேட்டுச் சேரவில்லை, வீட்டில் சேர்த்துவிட்டார்கள் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார்.

அவரை நாங்கள் தடுக்கவில்லை. மெடிக்கல் கோடிங் படித்து, சான்றிதழ் தேர்வு எழுதி, வேலைக்குப் போய்விட்டார். ஒன்றே ஒன்று மட்டும் சொன்னோம், செவிலியர் பதிவைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்து வையுங்கள் என்று. திரும்பி வருவார் என்ற நப்பாசையில் சொன்னதில்லை. விட்டுப்போன பதிவை மீட்பது பல இடங்களில் பெரிய அலைச்சல், அதற்காகத்தான். அவர் புதுப்பித்து வைத்திருக்கிறார், திரும்பும் எண்ணம் இல்லை என்றும் சொல்கிறார்.

பின்விளைவுகள்

அவர் மாறி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் சான்றிதழ்ப் படிப்பை முடித்தார். உடல்நலக் குறைவு விடுப்பு அரிதாகிவிட்டது. கையில் வரும் பணம் குறைந்தது குறைந்ததுதான், வீட்டில் சில செலவுகளைத் தள்ளிப்போட்டார்கள், அதைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய்யாகும். அலட்டிக்கொண்டார், இன்னமும் சில மாதங்களில் முனகுகிறார்.

எதிர்பாராதது கூட்டங்கள். வாரத்தின் கணிசமான நேரம் கூட்டத்திலும் அறிக்கையிலும் போகிறது, ஆயிரம் கேத்தட்டர் நாட்களுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் கேத்தட்டர் இருந்தால் அது ஒரு கேத்தட்டர் நாள்) எத்தனை தொற்று என்ற கணக்கை மாதாமாதம் தயாரித்துக் கொடுத்தால் அதைப் படிக்காமலே கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள். பழைய யூனிட்டில் முதல் சில மாதங்கள் உறவு கெட்டது, "நம்ம ஆளே நம்மளக் காட்டிக்கொடுக்கறா" என்றார்கள். டிரெஸ்ஸிங் டிராலியில் தேதி எழுதும் பேனாவைக் கட்டித் தொங்கவிட ஏற்பாடு செய்தது போன்ற சின்ன விஷயங்களால் அது மெல்லத் தணிந்தது. தேதி எழுதாததற்குப் பாதி நேரம் காரணம் பேனா இல்லாததுதான் என்பது ஐசியுவில் இருந்தவருக்குத்தான் தெரியும்.

கேத்தட்டர் நாட்கள் குறைந்திருக்கின்றன. அதை அவருடைய கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது, அதே காலத்தில் நோயாளிகளின் வகையும் மாறியது, டாக்டர்கள் தரப்பிலும் தினமும் கேட்கும் பழக்கம் வந்தது.

ஐசியுவுக்கு இழப்பு உண்மையானது. தயார் செய்த இருவரில் ஒருவர் நன்றாக நிற்கிறார், மற்றவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார். மேலாளர் பயந்தபடியே மாற்றம் கேட்டு மேலும் சிலர் வந்தார்கள். அவர்களில் எழுதிப் பார்த்த பிறகு ஐசியுவிலேயே இருக்கிறேன், நைட்டை மட்டும் குறையுங்கள் என்றவர்களும் உண்டு, அதை மேலாளர் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த முறை மாற வேண்டியவை

விடுப்புப் பதிவையும் ரோஸ்டரையும் சேர்த்துப் பார்க்கும் வேலையை யாராவது ஒருவர் காலாண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும். ராஜினாமாக் கடிதத்தோடு ஒருவர் வரும்போது பேச்சுக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு.

இரவு இன்சார்ஜாக இருப்பவருக்கு நோயாளி ஒதுக்கக்கூடாது. முடியாவிட்டால் ஒருவருக்கு மேல் கூடாது. இதை இப்போது விதியாக எழுதியிருக்கிறார்கள், ஆள் குறைந்த இரவுகளில் மீறப்படுகிறது, மீறிய இரவுகளைக் குறித்துவைக்கும் பழக்கமாவது வந்திருக்கிறது.

தற்காலிக மாற்றம் என்று ஒன்றைக் கொடுத்தால், அது எத்தனை வாரம், முடிந்ததும் எங்கே திரும்புவார், அந்தக் காலத்தில் சம்பளம் எப்படி என்று மூன்றும் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். டயாலிசிஸ் மேலாளரின் மனவருத்தத்தில் பாதி, ஆள் நிரந்தரமாக வந்ததாக அவர் நினைத்ததால் வந்தது. பயிற்சிக்கு முன்பே அவரிடம் அதைப் பேசியிருக்க வேண்டும்.

அலவன்ஸ் விஷயம் இன்னும் தீரவில்லை. சோதனைக் காலத்தில் நைட் அலவன்ஸில் ஒரு பகுதியையாவது தொடர்ந்து கொடுங்கள், இல்லாவிட்டால் பணத்துக்குப் பயந்தே யாரும் சோதித்துப் பார்க்க மாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். நிதிப் பிரிவு ஆறு வாரத்துக்கு மட்டும் பரிசீலிக்கலாம் என்கிறது. மூன்று மாதம் கேட்டிருக்கிறோம்.